கமரா தவிரப் பைக்குள் எது? வன்னியில் படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

வன்னியில் ஒரு நல்ல படம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் பொறுத்திருக்க முடிகிறது என்பதில்தான் இருக்கிறது. வங்காலையில் பூநாரைகள் கரைப்பக்கம் மேய்ந்துகொண்டு வரும்வரை, இரணைமடுவில் வெயில் சாய்ந்து மீன்பிடி வள்ளங்கள் திரும்பும்வரை, கட்டுக்கரைக் குளத்தில் நீர்க்காகங்கள் பட்டமரத்தில் வந்து குந்தி இறகு விரிக்கும்வரை இருக்க வேண்டும். அதற்குள் தாகம் எடுத்து, கழுத்து எரிந்து, காலில் முள் ஏறி, நுளம்புக்கடி தாங்காமல் எழும்பி வந்துவிட்டால் கையிலிருக்கும் லென்ஸ் என்ன விலையானாலும் பயனில்லை. அதனால் கமராச் சாமான் தவிர்ந்த எதைப் பைக்குள் வைப்பதென்றாலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: இது இன்னும் ஒரு மணித்தியாலம் என்னை அங்கே இருக்க விடுமா?

முதலில் எதில் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பஸ்ஸில் வந்தால் மாங்குளத்திலோ பரந்தனிலோ இறங்கி மிச்சத் தூரத்தை ஓட்டோவிலும் நடையிலும் போக வேண்டும், தோள் தாங்குவதுதான் எல்லை. வான் பிடித்து வந்தால் வீட்டையே ஏற்றலாம் போலத் தோன்றும், ஆனால் வான் வீதியோடு நின்றுவிடும், வீதியிலிருந்து தண்ணீர்க் கரைவரை தூக்கப் போவது நீங்கள்தான். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வேறு வழியில்லை, சரி. தனியாகவோ இரண்டு பேராகவோ வருகிறவர்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் என் தெரிவு. குளக்கட்டிலும் மணல் பாதையிலும் போகும், பாரமான சாமானைப் பின்னால் கட்டிவிட்டு வேண்டியதை மட்டும் தோளில் எடுக்கலாம். கமராப் பாரம் நாலைந்து கிலோ என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சேர்ந்து இன்னுமொரு நாலைந்து கிலோவுக்குள் தோளில் இருக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

தண்ணீரில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வைகாசி முதல் புரட்டாதி வரை, சோளகக் காற்று அடித்து மண் வெடித்துக் கிடக்கும் காலத்தில், விடிய ஆறு மணியிலிருந்து பதினொரு மணிவரை வெளியில் இருக்க ஓர் ஆளுக்கு 3 லீற்றர் வேண்டும், பின்னேரம்வரை என்றால் 5. ஒரு லீற்றர் ஒரு கிலோ, அதை யாராலும் குறைக்க முடியாது, குறைக்கக்கூடியது போத்தலின் பாரத்தைத்தான். கடைப் போத்தல் பாரமில்லாதது, ஏ9 வீதியில் எங்கும் கிடைக்கும், ஆனால் ஒன்பது மணிக்கெல்லாம் கொதித்துப் போகும். வெற்றிடச் சுவருள்ள எவர்சில்வர் போத்தல் மத்தியானம்வரை குளிர் காக்கும், ஆனால் வெறும் போத்தலே அரைக் கிலோ அளவுக்கு வரும், அத்தோடு கல்லிலோ மூன்றுகால் தாங்கியிலோ தட்டினால் எழும் சத்தத்துக்குக் கொக்கு ஒன்று எழும்பினால் அத்தனையும் எழும்பிவிடும். மூன்றாவது, 5 லீற்றர் கான். இதைத் தோளில் தூக்க முடியாது, மோட்டார் சைக்கிளோடு நிழலில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

என் தெரிவு இரண்டும் கலந்தது: கான் மோட்டார் சைக்கிளில், ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் இரண்டு தோளில். கானைச் சுற்றிச் சணல் சாக்கு ஒன்றை நனைத்துக் கட்டிவிடுவேன். காய்ந்த காற்று அடிக்க அடிக்கச் சாக்கிலுள்ள ஈரம் ஆவியாகும்போது கானின் சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், திரும்பி வந்து குடிக்கும்போது தொண்டைக்கு இதமாக இருக்கும். சாக்கு காய்ந்து போனால் வேலை நின்றுவிடும், அதனால் போகும்போது ஒரு தடவை, இடையில் ஒரு தடவை நனைக்க வேண்டும், குளத்துத் தண்ணீர் அதற்குப் போதும். இது சோளக காலத்து வித்தை. மார்கழியில் வாடைக்காற்றோடு ஈரம் நிறைந்திருக்கும்போது சாக்கும் காயாது, தண்ணீரும் குளிராது, அந்தக் காலத்தில் தேவையும் குறைவு.

இன்னொன்று, போகிற இடத்தில் கிணறு இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். கரையோரக் கிணறுகள் பலது உவர்த்தண்ணி, உட்பக்க ஊர்களில் சுண்ணத் தண்ணி, வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்ப் பயத்தில் சனம் வடிகட்டிய தண்ணீரைத்தான் வாங்கிக் குடிக்கிறது. கிளம்பும் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். வியர்த்துக் கொட்டும் நாளுக்கு ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் தூள் பைக்கற் இரண்டு போதும், ஒன்றை ஒரு லீற்றரில் முழுதாகக் கரைக்க வேண்டும், அரைப் போத்தலில் கரைப்பது பிழை. சோடாவும் இனிப்புப் பானமும் தாகத்தைத் தணிக்காது, கை பிசுபிசுக்கும், எறும்பும் வரும். இளநீர் எல்லாவற்றையும் விட நல்லது, ஆனால் அது வீதியோரத்தில் நின்று குடிக்கும் சாமான், தூக்கிக்கொண்டு போகும் சாமானில்லை.

வெயிலுக்கு எதைப் போடுவது என்பதில்தான் ஆட்கள் அதிகம் சண்டை பிடிக்கிறார்கள். அகலத் தொப்பி, முன்விளிம்புத் தொப்பி, குடை, துவாய், நாலுக்கும் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. அகல விளிம்புத் தொப்பி, அதுவும் மீன்பிடிக்காரர் போடும் பனையோலைத் தொப்பி, நிழலுக்கு முதலிடம், காற்று உள்ளே போய் வரும், பாரமே தெரியாது. ஆனால் கமராவைக் கண்ணில் வைத்ததும் முன்விளிம்பு கமராவின் தலையில் இடித்துத் தொப்பி பின்னால் சரியும், நாடி நாடா இல்லாவிட்டால் மன்னார்க் காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். முன்விளிம்பு மட்டும் உள்ள தொப்பியும் இடிக்கும்தான், ஆனால் பின்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுக் குறி பார்க்கலாம், திருப்பியதும் முகம் வெயிலுக்குப் போகும். குடை உங்களையும் கமராவையும் சேர்த்து நிழலில் வைக்கும், சூட்டில் கமரா நின்றுபோகும் நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் ஒரு கை போய்விடும், பறவைக்குக் குடை விரிவது துவக்கைக் கண்டதுபோல, அத்தோடு திறந்த கடற்கரைக் காற்றில் கம்பி மடங்கிவிடும். மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊரில் ஆங்கிலேய ஆளுநர் நோர்த் கட்டுவித்த டோரிக் மாளிகையின் இடிபாட்டைப் படமெடுக்கப் போனால் அங்கே நிழல் என்று ஒன்றில்லை, குடை விரிக்கவும் காற்று விடாது.

என் முடிவு, எங்கும் துவாய். பருத்தித் துவாயை நனைத்துத் தலையில் போட்டு அதன்மேல் முன்விளிம்புத் தொப்பி வைத்தால் கழுத்தும் காதும் மூடும், திருப்பிப் போடும்போது நெற்றியும் ஈரமாக இருக்கும், காய்ந்ததும் அதே துவாய் வியர்வை துடைக்கவும், கமராவை மூடவும், கீழே விரிக்கவும் ஆகும். நிலக்காட்சி மட்டும் எடுக்கிறவருக்கும், மூன்றுகால் தாங்கியில் கமராவை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவருக்கும் பனையோலைத் தொப்பி. குடை, கோயில் திருவிழாவுக்கும் மனிதர் படத்துக்கும். கறுப்புக் கண்ணாடி போடுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆனையிறவு உப்பளத்தின் வெள்ளை வெளிச்சத்துக்குக் கண்ணாடி அவசியம்தான், ஆனால் போலரைஸ்ட் கண்ணாடி என்றால் கமராவின் பின்திரை ஒரு கோணத்தில் இருண்டு தெரியும், படம் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுவீர்கள். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி நல்லது.

காலுக்கு வருவோம். ரப்பர் செருப்போடு எங்கும் போகும் ஊர் எங்களுடையது, வயலிலும் அதுதான், சந்தையிலும் அதுதான். படமெடுக்கப் போகும்போது அதை வீட்டில் விடுங்கள். குளக்கரைச் சேறு அதை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும், மன்னார்ப் பக்கத்து உடைமுள் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு வரும், கண்ணாடி விரியன் படுத்திருக்கும் சருகுக்குள் விரல் வெளியே தெரியக் கால் வைப்பது நல்லதில்லை. பின்வாருள்ள சன்டல் மணலுக்கும் தரவைக்கும் நல்லது, உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறினாலும் உடனே காயும். தடித்த அடியுள்ள கன்வஸ் சப்பாத்து காட்டுப்பாதைக்கும் குளக்கட்டுக்கும் பொது. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் மழைகாலத்து வயலுக்கு மட்டும்தான், வெயிலில் அதற்குள் கால் வெந்துவிடும், ஆனால் மழைகாலத்தில் அது வீண் ஆடம்பரமில்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போனது நினைவிருக்கும், தேங்கிய வயல் தண்ணீரில் புண்ணுள்ள காலோடு நிற்கக் கூடாது. ஒரேயொரு சோடி கொண்டு வர முடியுமென்றால் கன்வஸ் சப்பாத்து. கூடவே மாற்றுக் காலுறை ஒரு சோடி, பொலித்தீன் பையில் சுற்றி. ஈரக் காலுறையோடு இரண்டு மணித்தியாலம் நடப்பவர் மூன்றாவது மணியில் படம் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார்.

உடுப்பில் நீளக் காற்சட்டை, நீளக்கை சேட், பருத்தி, மங்கிய நிறம், இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வெள்ளையும் சிவப்பும் பறவைக்குத் தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் பறவைப் படக்காரர் வெளிநாட்டில் போடுகிறார்கள் என்று படையினரின் உடுப்புப் போன்ற புள்ளிச் சீலையில் தைத்த சேட்டும் வலையும் இங்கே வேண்டவே வேண்டாம். சோதனைக்காரரிடம் விளக்கம் சொல்ல வேண்டி வரும் என்பது ஒன்று. அதைவிட, வயலில் நிற்கும் ஓர் அம்மா பற்றைக்குள்ளிருந்து அந்த உடுப்போடு ஓர் ஆள் எழும்புவதைக் கண்டால் அவருக்கு என்ன நினைவு வரும் என்று யோசியுங்கள். காக்கி அல்லது காய்ந்த புல் நிறத்தில் வெறும் சேட் போதும், அசையாமல் இருந்தால் கொக்கு அதிலேயே ஏமாறும்.

அடுத்தது, எதைக் கொண்டு வந்தாலும் பலனில்லாத ஓர் ஆபத்து. முகமாலை, முல்லைத்தீவின் பகுதிகள், மன்னாரின் பகுதிகள் என்று மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்து வருகிறது, ஹலோ ட்ரஸ்ட் என்ற மிதிவெடி அகற்றும் நிறுவனம் 2002 முதல் இங்கே வேலை செய்கிறது, பெரும்பகுதி துப்புரவாகிவிட்டது, இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையையும் மஞ்சள் நாடாவையும் தாண்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலகை இல்லாத பற்றையிலும் நடந்த தடத்தை விட்டு இறங்கக் கூடாது என்பதைத்தான் வெளியிலிருந்து வருகிறவர்கள் மறக்கிறார்கள், அதுவும் ஒன்றுக்குப் போவதற்காக. அதனால் இங்கே சாமான் தெரிவே மாறுகிறது: கிட்டப் போவதற்கான மறைப்புக் கூடாரம், பற்றை வெட்டும் கத்தி, இதெல்லாம் தேவையில்லை, மாட்டுத்தடமும் மீன்பிடிக்காரர் தடமும் போகும் இடத்தோடு நின்று கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடையிலேயே மலசலகூடத்துக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். அந்த ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் அவர்தான் உங்கள் பையிலுள்ள எதையும் விடப் பெறுமதி.

இருப்பதற்கு மடிப்புக் கதிரையா, உடற்பயிற்சிப் பாயா, உரப்பையா? நான் உரப்பைக் கட்சி. மடிப்புக் கதிரை முதுகுக்குச் சுகம், ஆனால் அதில் இருந்தால் உங்கள் தலை புல்லுக்கு மேலே தெரியும், கால் சேற்றில் புதையும், பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கவும் முடியாது. பாய் மெத்தென்று இருக்கும், நெருஞ்சி முள் அதில் ஏறினால் பிறகு வீட்டில் யாரும் அதில் படுக்க முடியாது. யூரியா வந்த வெறும் உரப்பையைக் கழுவிக் காயவைத்து எடுத்தால் மடித்துப் பையின் அடியில் வைக்கலாம், பாரமே இல்லை. ஈரத்தில் விரித்துப் படுக்கலாம், பின்னியிருப்பதால் முள் லேசில் ஏறாது. மழை வந்தால் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்தால் தோளும் முதுகும் மூடும் கொங்காணி, வயல் விதைக்கிறவர்கள் மழைக்குள் அப்படித்தான் நிற்பார்கள். பாதி மணல் அள்ளிப் போட்டால் லென்ஸ் வைக்கவும் ஆகும். சின்ன உரப்பை இரண்டு கொண்டு வாருங்கள். ஒரு கவனம், எங்கள் குளங்களிலும் களப்புகளிலும் முதலை உண்டு, உரப்பையைத் தண்ணீர் விளிம்பில் விரிக்காமல் நாலைந்து மீற்றர் தள்ளி, சரிவுக்கு மேலே விரியுங்கள்.

நுளம்புக்கு வருவோம். வன்னி ஒரு காலத்தில் மலேரியாக் காடு. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது, ஆனால் டெங்கு இருக்கிறது, அந்திக் கருக்கலில் கடியும் இருக்கிறது. நுளம்புத்திரி வீட்டு விறாந்தைக்குச் சரி, குளக்கரைக் காற்றில் புகை ஒரு பக்கம், நுளம்பு மறுபக்கம். சிட்ரோனெல்லா எண்ணெய் மணக்கும், ஒரு மணித்தியாலம் தாண்டாது, மறுபடி மறுபடி பூச வேண்டும். டீட் என்ற நுளம்பு விரட்டும் மருந்து உள்ள கிறீம் நீண்டநேரம் நிற்கும், ஆனால் படக்காரர்கள் அறிந்திருக்க வேண்டியது, டீட் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். கிறீம் பூசிய விரலோடு கமராப் பிடியைப் பிடித்தால் சில நாளில் பிடி ஒட்டுப்பசையாகும், கண்ணாடிச் சட்டமும் பழுதாகும். பிக்காரிடின் என்ற இன்னொரு விரட்டி மருந்து உள்ளது கிடைத்தால் அதை வாங்குங்கள், அதற்கு அந்தக் குணமில்லை. கிடைக்காவிட்டால் டீட் கிறீமைப் புறங்கையால் தேய்த்துக் கழுத்துக்கும் கணுக்காலுக்கும் மட்டும் பூசி, உள்ளங்கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு கமராவைத் தொடுங்கள். நீளக்கை சேட் போட்டிருந்தால் பூச வேண்டிய இடமும் குறையும். பற்றைப் பக்கம் போய்வந்த நாளில் வீட்டுக்கு வந்ததும் குளித்து உடுப்பையும் தோய்த்துவிடுங்கள். சில நாள் கழித்துக் காய்ச்சலும் உடம்பில் எங்காவது கறுத்த பொருக்குப் புண்ணும் கண்டால் வைத்தியரிடம் பற்றைக்குள் போனதை மறக்காமல் சொல்லுங்கள், உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, பிந்தக் கூடாது.

சாப்பாட்டில் மூன்று வழி. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவது, கடையில் பார்சல் வாங்குவது, காய்ந்த தின்பண்டத்தோடு சமாளிப்பது. புட்டு எனக்கு உயிர், ஆனால் தேங்காய்ப்பூப் போட்ட புட்டு வன்னி வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், சம்பலும் அப்படித்தான். விடிய ஏழு மணிக்குள் சாப்பிடுவதென்றால் கட்டுங்கள். சோற்றுப் பார்சல் வயிறு நிரப்பும், அதன் பிறகு நித்திரை வரும், மூன்று மணி வெளிச்சத்துக்கு ஆள் இருக்க மாட்டார். ரோல்ஸும் வடையும் கையெல்லாம் எண்ணெய், துடைத்தாலும் லென்ஸில் ஒரு தடம் விழும். நான் கச்சானுக்கும் புழுக்கொடியலுக்கும்தான் வாக்களிப்பேன். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நிறுத்தித் தேங்காய் அடித்துவிட்டுக் கச்சான் வாங்காமல் போகிற ஆள் குறைவு, அங்கே வாங்கும் ஒரு பை அரைநாளுக்குப் போதும். வறுத்த கச்சானில் எண்ணெய் கையில் ஒட்டாது, ஒரு கையால் உடைத்துக்கொண்டே மறுகையைக் கமராவில் வைத்திருக்கலாம், கோதை மட்டும் காற்சட்டைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். புழுக்கொடியல் மாதக்கணக்கில் பழுதாகாது, கடித்து மெல்லவே நேரம் போகும், காத்திருப்பவருக்கு அதைவிட என்ன வேண்டும். பயத்தம் உருண்டை பனங்கட்டி போட்டுச் செய்ததென்றால் களைப்புக்கு மருந்து. வாழைப்பழம் நல்லதுதான், பைக்குள் நசிந்தால் எல்லாம் போச்சு, குரங்கும் மணம் பிடித்துவிடும். மடு வீதி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டு வீதிகளில் யானை நடமாட்டம் உண்டு, அங்கே பழமும் உப்பும் மணக்க மணக்க வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், இருட்டுமுன் பெரிய வீதிக்கு வந்துவிடுங்கள்.

விடியப் போகிறவர்களுக்கு ரோச் லைட் கட்டாயம். கைபேசி விளக்கு அவசரத்துக்கு ஆகும், ஆனால் பற்றரியைத் தின்றுவிடும், அந்தப் பற்றரி பின்னேரம் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டியது. கை ரோச் தூரத்துக்கு அடிக்கும், குளக்கட்டில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க நல்லது. நெற்றி விளக்கு இரண்டு கையையும் விடுவிக்கும், சிவப்பு ஒளி உள்ளதென்றால் கண் கூசாது. ஒன்றுதான் என்றால் நெற்றி விளக்கு, குனிந்து காலடியைப் பார்த்து நடந்தால் கை ரோச்சின் வேலையையும் அது செய்யும். வரைபடத்தைக் கிளம்பும்முன் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் சிக்னல் வரும் போகும்.

மழைகாலம் தனிக்கதை. ஐப்பசியிலிருந்து தை வரை குளங்கள் நிரம்பி வான் பாயும்போது எடுக்கும் படத்துக்கு ஈடில்லை, இரணைமடுவின் வான்கதவு திறந்தால் சனமே திரண்டு வரும். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்துவிடாமல் போங்கள். கோட்டும் காற்சட்டையுமாக வரும் மழைக்கோட் சைக்கிளோட்டத்துக்குச் சரி, நின்று படமெடுக்கும்போது உள்ளே வியர்த்து மழையில் நனைந்ததுபோலவே ஆகும். முதுகுப் பையையும் சேர்த்து மூடும் அகலமான பொன்சோ அதைவிட நல்லது, காற்றோட்டம் இருக்கும், கமராவை அதற்குள்ளேயே வைத்துத் தேவைப்படும்போது வெளியே எடுக்கலாம். பெரிய கறுப்புக் குப்பைப் பை இரண்டு அதன் கூட, பைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.

கடற்கரைக்கும் களப்புக்கும் போகிறவர் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் தனியாக வைத்திருக்க வேண்டும், குடிக்க இல்லை, கழுவ. சுண்டிக்குளம், நந்திக்கடல், கொக்கிளாய் எங்கே போனாலும் உப்புச் சேறு மூன்றுகால் தாங்கியின் மூட்டுக்குள் காய்ந்துவிட்டால் பிறகு கறள்தான். சைக்கிளடிக்கு வந்ததும் தாங்கியின் காலையும் உங்கள் காலையும் அங்கேயே கழுவிவிடுங்கள்.

மருந்துப் பை சின்னதாக இருக்கட்டும்: பனடோல், பிளாஸ்டர், டெட்டோல், முள் எடுக்கும் சாமணம், சுளுக்குக்குச் சுற்றும் பட்டி. பாம்புக்கென்று கயிறு, பிளேட், உறிஞ்சும் கருவி எதுவும் வேண்டாம், அவை தீமையே செய்யும். கடித்தால் மோதிரம், மணிக்கூட்டைக் கழற்றி, கடித்த காலை அசைக்காமல் படுக்கவைத்து, 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. வலிக்குப் பனடோல் கொடுக்கலாம், டிஸ்பிரின் கொடுக்கக் கூடாது, இரத்தம் உறையாமல் பண்ணும்.

தேசிய அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். முகாம், காவலரண் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். கோயிலுக்குப் போகும் எண்ணமிருந்தால் ஆண்கள் வேட்டி ஒன்றை மடித்து வையுங்கள், மேற்சட்டை கழற்ற வேண்டியிருக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஆவணி மடுப் பெருவிழாவுக்கும் போகிறவர் சாமானைப் பாதியாகக் குறைக்கலாம், அந்தச் சனத்துக்குள் பெரிய பை இடித்துக்கொண்டே இருக்கும், வற்றாப்பளை வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தலில் மோரும் சர்க்கரைத் தண்ணியும் கிடைக்கும்.

மனிதர்களைப் படமெடுக்கிறவர்களுக்கு ஒன்றைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு ரொபி, பெரியவர்களுக்குக் காசு என்று சிலர் கொண்டு வருகிறார்கள். ரொபி கொடுத்தால் அடுத்த முறை கமராவைக் கண்டதும் பிள்ளை கை நீட்டும், காசு கொடுத்தால் வலை இழுக்கும் ஐயா உங்களுக்காக வலை இழுக்கத் தொடங்குவார், இரண்டும் படத்தையும் கெடுக்கும், ஆளையும் கெடுக்கும். அதற்குப் பதில் போன முறை எடுத்த படங்களை 6க்கு 4 அளவில் அச்சடித்து உறையில் போட்டுக் கொண்டு போங்கள். கிளிநொச்சி, வவுனியா ஸ்டூடியோக்களில் அன்றே எடுத்துவிடலாம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து 2009இல் உடுத்த உடுப்போடு வந்த வீடுகளில் கலியாண அல்பமும் இல்லை, பிள்ளையின் முதலாம் பிறந்தநாள் படமும் இல்லை. கைபேசியில் காட்டுவதும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் இளையவர்களுக்குப் போதும், அம்மம்மாவுக்குக் கடுதாசிப் படம்தான் வேண்டும், சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைப்பார். உறையின் பின்னால் ஊரும் வீட்டு அடையாளமும் எழுதி வைத்தால் அடுத்த முறை தேடிக் கொடுக்கலாம். ஐம்பது கிராம்கூட வராத அந்த உறையை நான் எந்தப் பயணத்திலும் விடுவதில்லை. படம் எடுக்கக் கேட்டால் மாட்டேன் என்று சொன்ன வீட்டிலும், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த படத்தைக் கண்ட பிறகு, வாங்கோ தம்பி, எங்களையும் ஒன்று எடுங்கோ என்று கூப்பிடுவார்கள்.

பஸ்ஸில் வருகிறவர் இதில் எதை விடுவது? கான், ரப்பர் பூட்ஸ், கழுவும் தண்ணீர், மூன்றும் போகட்டும். ஒரு லீற்றர் போத்தல் மூன்று, துவாய், உரப்பை ஒன்று, கச்சான், நெற்றி விளக்கு, மருந்துப் பை, படங்கள் உள்ள உறை, இவ்வளவும் முதுகில் சுகமாக வரும். தண்ணீர் முடிந்தால் வீதிக்கு வந்து வாங்கலாம், அதனால் பஸ் வீதியிலிருந்து அரை மணித்தியால நடைக்குள் உள்ள இடமாகப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள், ஏ9 ஓரத்திலேயே அப்படிக் குளங்கள் நிறைய இருக்கின்றன. சில்லறையாகக் காசு வையுங்கள், சந்திக் கடையில் அட்டை எடுக்க மாட்டார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.